மச்சான் பிடித்த கயிறு

(தூத்துக்குடியில் கார் உரிமையாளர்களும் டாக்சி ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் நிற்கிற வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்திருந்தால், கிளட்ச் மிதி இல்லாத கார் ஒன்றோ இரண்டோதான் நின்றிருக்கும். இன்றைக்குப் பதினொன்று எண்ணினேன். பெரும்பாலும் நாலு மீட்டருக்குள் அடங்குகிற, கொஞ்சம் உயரம் தூக்கிய சின்ன வண்டிகள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அலுவலகம் போகிற அம்மாமார், முழங்கால் வலிக்குப் பயந்து கிளட்ச்சை விட்டவர்கள், துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முதல் கியரிலேயே ஊர்ந்து அலுத்தவர்கள் என்று பலரும் இந்த வண்டிக்கு மாறியிருக்கிறார்கள். சரியான முடிவுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த வண்டிகளில் பாதிக்கு மேல் சி.வி.டி. என்கிற கியர் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியைப் பற்றி நம் ஊரில் இரண்டே பேச்சுதான். “அதைத் தொடவே வேண்டாம், கம்பெனியே மூடி அனுப்பியிருக்கான்” என்பது ஒன்று. “அது போச்சுன்னா வண்டியையே வித்துரணும்” என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சுக்கு முதல் பேச்சுதான் காரணம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டு பம்பரங்களை எடுத்து, ஆணியும் ஆணியும் முட்டுகிற மாதிரி படுக்க வையுங்கள். நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஒரு பட்டையைப் போடுங்கள். பம்பரங்களை நெருக்கினால் பட்டை மேலே ஏறும், விலக்கினால் உள்ளே இறங்கும். மேலே ஏறினால் பெரிய கப்பி, இறங்கினால் சின்னக் கப்பி. இப்படி ஒரு ஜோடி இன்ஜின் பக்கம், இன்னொரு ஜோடி சக்கரத்தின் பக்கம். ஒன்றில் பட்டை ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படி கிடையாது. சாய்தளத்தில் நடக்கிற மாதிரி விகிதம் மாறிக்கொண்டே போகும். அவ்வளவுதான் சி.வி.டி.

இது யாரும் பார்க்காத அதிசயம் இல்லை. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தபோதே இது இந்தியத் தெருவுக்கு வந்துவிட்டது. அப்புறம் ஓசூரிலிருந்து ஸ்கூட்டி வந்தது. இன்றைக்கு மீன் ஏலத்துக்குக் கூடையோடு போகிற பெட்ரோல் ஸ்கூட்டர் வரைக்கும் எல்லாவற்றிலும் இடது பக்க மூடியைத் திறந்தால் இதே இரண்டு கப்பிகள், ஒரு ரப்பர் பெல்ட். திருச்செந்தூர் ரோட்டில் பெல்ட் அறுந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். மூடியைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மணலையும் கருந்தூளையும் ஊதிவிட்டு, ரோலர்களைக் கையில் உருட்டிப் பார்த்து, “ஒரு பக்கம் தேஞ்சிருக்கு அண்ணாச்சி, மாத்திருவோம்” என்று சொல்கிற தம்பிகள் இந்த மண்டபத்திலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பிகளே, காரின் பெட்டியைக் கண்டு நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. பாதிப் பாடம் உங்களுக்குத் தெரியும்.

மறுபாதியில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஸ்கூட்டரில் பெல்ட் ரப்பர், அது காய்ந்த இடத்தில் ஓடுகிறது. அதன்மேல் ஆயில் பட்டால் வழுக்கிவிடும். காரில் பட்டை எஃகு, ஓடுவது ஆயிலுக்குள். அங்கே ஆயில் இல்லாவிட்டால் செத்துவிடும்.

இந்தக் கப்பி-பட்டை யோசனையைக் காருக்குள் வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்துக்காரர், ஹப் வான் டோர்ன். அவருடைய டாஃப் நிறுவனம் 1958இல் டாஃப் 600 என்ற சின்னக் காரைக் காட்சிக்கு வைத்தது. இரண்டு ரப்பர் பெல்ட், நாலு கப்பி. அந்த வருஷத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வரும். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து இந்தத் தூத்துக்குடியையும் முத்துக்குளிப்பு உரிமையையும் பிடித்தது 1658. சரியாக முந்நூறு வருஷம். ரப்பர் பெல்ட்டுக்குப் பெரிய இன்ஜினைத் தாங்கத் தெம்பு இல்லை. ஆகவே வான் டோர்னின் ஆட்களே எஃகுப் பட்டையில் இறங்கினார்கள். அது உருப்பட்டு, 1987இல் ஜப்பானில் சுபாரு ஜஸ்டி காரில் வந்தது. இன்றைக்கும் அந்தப் பட்டை நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்தில், பாஷ் நிறுவனத்தின் கையில், தயாராகிறது.

அந்த எஃகுப் பட்டையை நான் முதன்முதலில் கையில் எடுத்தபோது கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. பெண்களின் ஒட்டியாணம் மாதிரி இருக்கும். ஏறத்தாழ நானூறு மெல்லிய எஃகு வில்லைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். அவற்றை இரண்டு பக்கமும் காகிதம் போன்ற எஃகு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பதோ பத்தோ பன்னிரண்டோ, கோத்துப் பிடித்திருக்கும். வில்லைகள் வளையத்தோடு ஒட்டவைத்தவை அல்ல, சும்மா செருகியவை. இன்னொரு விஷயம், கயிறு இழுக்கும், சங்கிலி இழுக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். இந்தப் பட்டை இழுப்பதில்லை, தள்ளுகிறது. ஒரு கப்பியிலிருந்து கிளம்புகிற வில்லை முன்னால் நிற்கிற வில்லையைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, வரிசையே முட்டிக்கொண்டு போய் அடுத்த கப்பியைச் சுற்றுகிறது.

அப்படியென்றால் வில்லை கப்பியின் சுவரில் வழுக்காமல் இருக்க எது காரணம்? அழுத்தம். பம்பரங்களை ஆயில் அழுத்தம் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கிறது. பளு கூடினால் அந்த அழுத்தம் ஐம்பது பார் வரைக்கும் போகும். நம் கரையில் ‘பார்’ என்றால் கடலடியில் சிப்பி விளைகிற படுகை. பட்டறையில் அதே சொல் அழுத்தத்தின் அளவு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், புரிய வசதியாக இருக்கும். முத்துக்குளித்தவர்கள் பத்துப் பாகம் இறங்குவார்கள், அதாவது பதினெட்டு மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு பார் என்று கூடும். ஆகவே சிப்பி எடுத்தவரின் மார்பை நெருக்கிய தண்ணீர் இரண்டு பாருக்கும் குறைவு. அதற்கே காது வலித்து மூக்கில் ரத்தம் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உங்கள் கார் மேம்பாலம் ஏறும்போது அந்த எஃகுப் பட்டையை நெருக்குவது, கடலில் ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிற நெருக்கம்.

அந்த நெருக்கத்தில் எஃகும் எஃகும் நேராக உரசினால் ஒரு நாள் தாங்காது. இடையில் தலைமயிரைவிட மெல்லிய ஆயில் படலம் நிற்கிறது. தாங்குருளை ஓடுகிற இடத்தில் அது வழுக்க வேண்டும். பட்டை கப்பியைத் தொடுகிற இடத்தில் வழுக்கவே கூடாது. அதே ஆயில் சூட்டையும் சுமந்துகொண்டு வெளியே வர வேண்டும், அழுத்தத்தையும் கடத்த வேண்டும். இத்தனை வேலையும் ஒரே ஆயிலுக்கு.

முத்துக்குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை அவன் மச்சான்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்லி வருகிறார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், கண்ணை எடுக்கமாட்டான். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனால் அந்த மச்சான் செய்தி மட்டும் எல்லாருக்கும் தெரியும். உள்ளே இறங்கியவனைப் பற்றித்தான் ஊர் பேசும். உயிர் இருந்தது படகில் நின்றவன் கையில். சி.வி.டி. பெட்டியில் அந்த மச்சான் ஆயில்தான். பட்டை எப்படி, கப்பி எப்படி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? சில கையேடுகளின் அட்டவணையில் ‘சோதித்துப் பார்க்கவும்’ என்று மட்டும் இருக்கும், ‘மாற்றவும்’ என்ற வரி இருக்காது. விற்கிறவர் அதை ‘ஆயுள் முழுதும் தாங்கும்’ என்று சொல்லிவிடுகிறார். யாருடைய ஆயுள் என்று நாம் கேட்பதில்லை. அதே கையேட்டில், சின்ன எழுத்தில், கடுமையான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும். வெயில், தூசி, குறைந்த தூரமே ஓடி அடிக்கடி நிறுத்துவது, ஊர்ந்து போகிற நெரிசல், மலைப்பாதை, முழுப் பளு. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு மே மாதத் தூத்துக்குடியை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மில்லர்புரத்திலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரோடு குற்றாலமோ கொடைக்கானலோ. அனல்மின் நிலையத்துக்குப் போகிற நிலக்கரித் தூள் காற்றில். நாம் அத்தனை பேரும் அந்தச் சின்ன எழுத்துக்குள்தான் குடியிருக்கிறோம்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையேடு எத்தனை கிலோமீட்டர் சொல்கிறதோ அதில் கடுமையான பயன்பாட்டுக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லையென்றால் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஓட்டமே இல்லாத வண்டி என்றாலும் மூன்று, நாலு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள். ஆயில் விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். பெட்டியை மொத்தமாக மாற்றினால் ஆகிற செலவு லட்சத்தைத் தாண்டும். அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

எந்த ஆயில் என்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், திருச்செந்தூர் பக்கத்து டீச்சரம்மா ஒருவர் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். ஆயில் கருத்துவிட்டது. அந்த வண்டிக்கான ஆயில் மதுரையிலிருந்து வர மூன்று நாளாகும். அவருக்கு மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். என் அலமாரியில் மற்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயில் இருந்தது. ஆட்டோமேட்டிக் ஆயில்தானே என்று வடித்துவிட்டு நிரப்பினேன். திருச்சி தாண்டியதும் போன் வந்தது. “அண்ணாச்சி, வண்டி இரைச்சல்தான் போடுது, நகர மாட்டேங்கு.” நடுவழியில், இரவு நேரத்தில், வயசுப் பெண்ணோடு அவர் நின்றார். அந்தச் சிவப்பு ஆயில் நல்ல ஆயில்தான். ஆனால் எஃகும் எஃகும் பிடித்துக்கொள்வதற்காகச் செய்தது அல்ல. பட்டை வழுக்கி, கப்பியின் சுவரில் கோடு விழுந்துவிட்டது. கோடு விழுந்த கப்பிக்கு வைத்தியம் இல்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால்தான் சொல்கிறேன். நிசானுக்கு என்.எஸ்.-3 என்று போட்டிருந்தால் என்.எஸ்.-3. ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்.-2 என்றால் அதுதான். டப்பாவின் மூடியை உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு போனாலும் தப்பில்லை. வடித்து நிரப்பும்போது பழைய ஆயில் முழுதும் வெளியே வந்துவிடாது, டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாயிலும் பாதிக்குப் பக்கம் தங்கிவிடும். ரொம்ப நாள் மாற்றாத வண்டியென்றால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை வடியுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடியில் படிந்தது கிளம்பிப்போய் வால்வுகளின் நுண்ணிய துவாரங்களில் உட்காரும். அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியை மாற்றுவதும், தட்டில் ஒட்டியிருக்கிற காந்தங்களைத் துடைப்பதும்தான் நேரான வழி. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் கவலையில்லை, அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற சிலும்பு இருந்தால் பெட்டி உங்களுக்கு எழுதிய கடிதம் அது.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுட்பம். பல வண்டிகளில் அளவுக்குச்சியே கிடையாது. ஆயில் இத்தனை டிகிரிச் சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத் துவாரத்தில் சொட்டினால் சரியான அளவு என்று வைத்திருப்பார்கள். வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து கொதிக்கக் கொதிக்கப் பார்த்தால் அளவு தப்பும். கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும். நுரை என்பது காற்று. காற்று அமுங்கும், அழுத்தம் விழும், பட்டை வழுக்கும். குறைந்தாலும் அதே கதி.

இனி நம் மண்ணுக்கென்று இருக்கிற மூன்று எதிரிகள்.

ஒன்று, தண்ணீர். ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீரைச் சொல்கிறேன். பெட்டியின் ஆயிலைக் குளிரவைப்பது பெரும்பாலும் இன்ஜினின் கூலன்ட்தான். உள்ளங்கை அளவுள்ள ஒரு சின்ன உலோகப் பெட்டியில் இரண்டும் பக்கம் பக்கமாக ஓடும், ஒன்றோடொன்று கலக்காது. நம் ஊர் போர்த் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும், உப்பளத்துக்குப் பக்கத்து வீடு என்று. கூலன்ட் விலையை மிச்சம் பிடித்து அந்தத் தண்ணீரை ஊற்றினால், இரண்டு கோடைக்குள் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுண்ணாம்பு கட்டிவிடும். இன்ஜின் சூட்டு முள் நடுவில்தான் நிற்கும். உள்ளே கியர் ஆயில் வெந்துகொண்டிருக்கும். அப்புறம் மதுரை நாலுவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டியதும் வண்டி திடீரென்று இழுக்காது. மிதித்தாலும் வேகம் ஏறாது. பெட்டி செத்துவிட்டது என்று பதறுவார்கள். சாகவில்லை. ஆயில் சூடு வரம்பைத் தாண்டியதும் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்ஜினைக் கட்டிப்போடுகிறது. நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள், வரும். ஆனால் அது எச்சரிக்கை. ஊருக்குத் திரும்பியதும் ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்திருக்கிற உப்புத்தூசியைக் கழுவுங்கள், கூலன்டைப் பாருங்கள், ஆயிலையும் பாருங்கள்.

இரண்டு, மணல். குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போகிறோம், மணப்பாட்டில் கோயில் பார்த்துவிட்டுக் கடற்கரையில் இறங்குகிறோம், குதிரைமொழித் தேரிக்குள் செம்மண் பாதையில் போட்டோ எடுக்கப் போகிறோம். உயரமான வண்டிதானே என்று நினைக்கிறோம். உயரம் இருக்கிறது, ஆனால் ஓடுவது முன்சக்கரம் இரண்டு மட்டும். புதைந்துவிட்டால் உடனே ஒருவர் வந்து “ரிவர்ஸ் போடு, டி போடு, ரிவர்ஸ் போடு” என்று ஆட்டச் சொல்வார். கிளட்ச் வண்டிக்குச் சொன்ன வைத்தியம் அது. சி.வி.டி.யில் சக்கரம் சுழன்று சட்டென்று பிடிமானம் கிடைக்கிற ஒவ்வொரு தடவையும் பட்டைக்குச் சம்மட்டி அடி விழுகிறது. பத்து நிமிஷம் ஆட்டினால் ஆயில் சூடு எங்கோ போய்விடும். டயர் காற்றைப் பாதியாக இறக்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டுங்கள், பனை ஓலையை வெட்டிப் போடுங்கள். அந்தப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. நாலு பேர் தள்ளினால் மெதுவாக ஏறிவிடும்.

மூன்று, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றது. உயிரும் வீடும் போன துயரத்துக்கு முன்னால் காரைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயம்தான். ஆனால் பட்டறைக்காரனுக்கு அந்த மாதம் ஒரு பாடம். கியர் பெட்டிக்கு மூச்சுக்குழாய் உண்டு. சூட்டில் விரிகிற காற்று வெளியே போக. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அதே வழியாக உள்ளே இறங்கும். பெட்டிக்குள்ளிருக்கிற கிளட்ச் தகடுகளில் காகிதம் போன்ற ஒரு பொருளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும். வெள்ளம் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்த்தவர்களின் வண்டிகள்தான் அதிகம் கெட்டன. திருப்பாமல் விட்டு, முதல் வேலையாக ஆயிலை வடித்தவர்கள் பலர் தப்பித்தார்கள். பால் விட்ட காப்பி மாதிரி ஆயில் வந்தால், தெளிந்து வரும்வரை மாற்றி மாற்றி வடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சேதம் இன்னொன்றால் வந்தது. நல்ல மனதோடு செய்த உதவிதான் அது. டிராக்டரில் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நியூட்ரலில் போட்டுவிட்டோமே என்றார்கள். இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்பு ஓடும். இன்ஜின் நின்றிருக்க, முன்சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே கப்பியும் பட்டையும் சுழலும், ஆயில் வராது. பத்துக் கிலோமீட்டர் அப்படி இழுத்து வந்த வண்டியைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. ஆனால் பட்டை நீலம் பாரித்திருந்தது. சி.வி.டி. வண்டியை முன்சக்கரத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், முடிந்தால் முழு வண்டியையும் ஏற்றிவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

நம்பகமானதா என்று நேராகவே கேட்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். பழைய தலைமுறைப் பெட்டிகள் சங்கடம் கொடுத்தன. அமெரிக்காவில் நிசான் நிறுவனமே 2003 முதல் 2010 வரையிலான தன் சி.வி.டி. வண்டிகளுக்கு உத்தரவாதத்தைப் பத்து வருஷம், 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. குறையே இல்லாமல் யாரும் அப்படி நீட்டமாட்டார்கள். அதிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் பாடம் படித்தன. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்கிற நிசான் மேக்னைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் வந்த வண்டி. ஒரு லிட்டர் டர்போ இன்ஜின். கையால் கியர் போடுகிற வண்டியில் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அதே இன்ஜினை சி.வி.டி.யோடு இணைத்தால் 152. அந்த எட்டைக் குறைத்தது பட்டையை மனதில் வைத்துத்தான் என்பது என் வாசிப்பு. டொயோட்டாவோ, முதலில் கிளம்புகிற கடினமான வேலைக்குப் பட்டையைப் பயன்படுத்தாமல் ஒரு தனிக் கியரையே வைத்து, சில வண்டிகளில் 2018 முதல் கொடுத்து வருகிறது. ஹைபிரிட் வண்டிகளில் இ-சி.வி.டி. என்று போட்டிருப்பார்கள். பேர்தான் ஒன்று. அதில் பட்டையும் இல்லை, கூம்புக் கப்பியும் இல்லை, பற்சக்கரங்களும் மோட்டார்களும்தான். நான் இன்று சொன்னதை அதற்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

ஓட்டும்போது காது கொடுங்கள். மிதித்ததும் இன்ஜின் சத்தம் முன்னால் போய், வேகம் பின்னால் வந்து சேருவது சி.வி.டி.யின் சுபாவம். அதை நோய் என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. சத்தம் ஏறியும் வேகம் வந்து சேராமல் முள் நடுங்கினால் அது நோய். இருபது, முப்பது வேகத்தில் பாலத்துத் தண்டவாளத்தில் ஏறின மாதிரி உடம்பு அதிர்ந்தால் ஆயிலைப் பார்க்க வேண்டிய நேரம். வேகத்தோடு கூடிக்கொண்டே போகிற ஊளைச் சத்தம் பெரும்பாலும் தாங்குருளை. இவற்றை முதல் வாரத்திலேயே காட்டினால் சின்னச் செலவு. மேம்பாலச் சரிவில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள். வண்டி முழுதாக நிற்கும்முன் டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றாதீர்கள். மலையிலிருந்து இறங்கும்போது எல் அல்லது எஸ் போட்டு இறங்குங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். அதில் சி.வி.டி. ஆயில் என்ற வரி ஒரு தடவையாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் யோசியுங்கள். சில வண்டிகளில் ஆயில் எவ்வளவு களைத்திருக்கிறது என்று கணினியே கணக்கு வைத்திருக்கும். ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் இனி மின்சார வண்டிதானே, இதெல்லாம் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்தாயிற்று. அங்கே செய்கிற வி.எஃப். 6, வி.எஃப். 7 இரண்டிலும் பட்டை கிடையாது, கப்பி கிடையாது, ஒரே விகிதம்தான். நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. ஆனால் வாசலில் நிற்கிற அந்தப் பதினொரு வண்டியும் இன்னும் பத்து, பன்னிரண்டு வருஷம் ஓட வேண்டும். கடனில் வாங்கியவை. இரண்டாம் கை, மூன்றாம் கையாக உள்ளூரிலேயே கைமாறப் போகிறவை. பெட்டியைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவர் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் நூறு ரூபாய் சீல் போனாலும் ‘முழுப் பெட்டியையும் மாத்தணும்’ என்கிற தீர்ப்பு வருகிறது. ஐ.டி.ஐ.யில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரித்துப் பூட்ட ஒரு பழைய சி.வி.டி. பெட்டி கொடுங்கள் என்று நான் கேட்காத இடமில்லை. இங்கே இருக்கிறவர்களில் யாருக்காவது அதற்கு வழி இருந்தால் என்னிடம் வந்து பேசுங்கள்.

கேள்விகளை எடுத்துக்கொள்வதற்கு முன் ஒன்று. அந்த டிராக்டரில் இழுத்து வந்த வண்டியின் பெட்டியை நான் காயலான் கடைக்குப் போடவில்லை, விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அதோ ஓரத்தில், சாக்கு விரித்த மேசையில் பிரித்துப் பரப்பியிருக்கிறது. கப்பி இரண்டும் இருக்கிறது, பட்டையும் இருக்கிறது. அடித்தட்டின் காந்தங்களை வேண்டுமென்றே துடைக்காமல் விட்டிருக்கிறேன். ஸ்கூட்டர் தம்பிகள் முதலில் வரட்டும். பட்டையைத் தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குங்கள், வில்லைகள் உதிர்ந்துவிடும்.